குற்றம் சாட்டுகிறவன்

பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சாத்தான், தேவதூதர்கள், பிசாசுகள் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கொம்பும் வாலும் நெருப்பும் நினைவுக்கு வரவில்லை. ஒரு வழக்கு விசாரணைதான் நினைவுக்கு வந்தது. பழைய ஏற்பாட்டில் சகரியா புத்தகம், மூன்றாம் அதிகாரம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்கள் ஊர் திரும்பிய காலம். யோசுவா என்கிற பிரதான ஆசாரியர் கர்த்தருடைய தூதனுக்கு முன்னால் நிற்கிறார். அவர் உடுத்தியிருப்பது அழுக்கு வஸ்திரம். ஆசாரியன் அழுக்கு உடையோடு ஆண்டவர் முன்னால் நிற்கவே கூடாது. அவருடைய வலப்பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான். அவன்தான் சாத்தான். கையில் சூலம் இல்லை. குற்றம் சாட்டுவதற்காக நிற்கிறான், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவன் சொல்ல வந்தது பொய் இல்லை. உடை உண்மையிலேயே அழுக்குதான். கடவுளும் ‘இல்லை, இது சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று மறுத்துப் பேசவில்லை. சாத்தானை அதட்டுகிறார். இவன் நெருப்பிலிருந்து பிடுங்கி எடுத்த கொள்ளிக்கட்டை அல்லவா என்று கேட்கிறார். அப்புறம், அழுக்கு உடையைக் கழற்றி வேறு உடை உடுத்தச் சொல்கிறார். தலையில் சுத்தமான பாகை வைக்கிறார்கள். வழக்கு முடிந்தது. குற்றம் சாட்ட வந்தவனின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட அந்த அதிகாரத்தில் பதிவாகவில்லை.

‘சாத்தான்’ என்பது எபிரேய மொழியில் முதலில் ஒரு பெயரே அல்ல. எதிராளி, எதிர்த்து நிற்பவன் என்று பொருள்படும் சாதாரணச் சொல். எண்ணாகமத்தில் பிலேயாம் கழுதைமேல் ஏறிப் போகும்போது ஒரு தூதன் வழிமறித்து நிற்கிறான், தெரியுமா? கடவுள் அனுப்பிய நல்ல தூதன். அவன் எதிராளியாக நின்றான் என்று சொல்ல எபிரேய மூலம் எடுத்தாளும் சொல் இதே ‘சாத்தான்’தான். யோபு புத்தகத்துக்கு வந்தால் அது ஒரு பதவிப் பெயர்போல ஆகிவிடுகிறது. தேவபுத்திரர் என்கிற வானவர்கள் கூடும் சபையில் அவனும் வந்து நிற்கிறான். பூமியெங்கும் சுற்றித் திரிந்து வருகிறேன் என்கிறான். ‘யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?’ என்று கேட்கிறான். ஆதாயம் இல்லாமல் எவனாவது பக்தியாக இருப்பானா என்கிற கேள்வி அது. ஒரு மனிதனுடைய நன்மையையே குற்றப்பத்திரிகை ஆக்கும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாடு இவனை ‘தியாபொலொஸ்’ என்கிறது. அவதூறு பேசுகிறவன் என்று அர்த்தம். வெளிப்படுத்தல் 12-ஆம் அதிகாரம் இவனை இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சாட்டுகிறவன் என்றே அழைக்கிறது. இதற்கு நேர் எதிரில் யோவான் ஒரு சொல்லை வைக்கிறார்: ‘பரக்லேத்தோஸ்’. வழக்கில் சிக்கியவன் பக்கத்தில் வந்து நிற்க அழைக்கப்பட்டவர். பரிசுத்த ஆவிக்கு அந்தப் பெயர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘தேற்றரவாளன்’, கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் ‘துணையாளர்’. யோவானின் முதல் நிருபத்தில் இயேசுவுக்கும் இதே சொல்தான் வருகிறது. அங்கே தமிழில் ‘பரிந்து பேசுகிறவர்’ என்று அழகாக வைத்திருக்கிறார்கள். ஒருவன் குற்றம் சாட்டுகிறான், ஒருவர் பரிந்து பேசுகிறார். கிறிஸ்தவம் சாத்தானைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றையும் இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் நின்றுதான் கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் கூடவே இருக்கிறது. பேய், பிசாசு என்ற சொற்களுக்கு விவிலியம் தமிழுக்கு வருவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. பொது மொழிபெயர்ப்பில் வரும் ‘அலகை’ என்ற சொல் குறளிலேயே இருக்கிறது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று சாதிப்பவன் ‘வையத்து அலகையா வைக்கப்படும்’ என்கிறார் வள்ளுவர். நல்ல சொற்கள்தான். ஆனால் பேய் என்றதும் செத்தவர்களின் ஆவி என்றுதான் நம் மனம் போகிறது. திருச்சபைகள் பரவலாகக் கற்பிப்பது வேறு. பிசாசுகள் செத்த மனிதர்கள் அல்ல. நல்லவர்களாகப் படைக்கப்பட்டு, தங்கள் சொந்த விருப்பத்தால் கடவுளை விட்டு விலகிய தூதர்கள். கி.பி. 1215-ல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் இதைத் தெளிவாகவே வரையறுத்தது: பிசாசும் மற்றப் பேய்களும் இயல்பில் நல்லவர்களாகக் கடவுளால் படைக்கப்பட்டவர்கள், தாங்களாகவே தீயவர்கள் ஆனார்கள்.

இந்த ஒரு வரி மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது. நன்மைக்கு ஒரு கடவுள், தீமைக்கு ஒரு கடவுள், இருவருக்கும் சமபலம், நடுவில் நாம் என்று மானிக்கேயர்கள் கற்பித்தார்கள். அகுஸ்தீனார் இளவயதில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் அவர்களோடு இருந்தவர். வெளியே வந்தபின் அவர் அழுத்திச் சொன்னது, தீமைக்கென்று சொந்த இருப்பு கிடையாது என்பது. நன்மை எங்கே குறைகிறதோ அதுதான் தீமை. ஆகவே சாத்தான் கடவுளுக்கு எதிர்க்கடவுள் அல்ல. அவனும் ஒரு படைப்பு. எங்கும் இருக்க முடியாது, எல்லாம் அறிய முடியாது. நரகத்தின் ராஜா என்று சொல்கிறோமே, அதுவும் வேதத்தில் இல்லை. மத்தேயு 25-இன்படி அந்த நெருப்பு பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும் ஆயத்தம் செய்யப்பட்டது. அங்கே அவன் கைதி.

‘லூசிபர்’ என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஏசாயா 14-இல் பாபிலோன் ராஜாவின் வீழ்ச்சியைப் பாடும் இடத்தில் ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!’ என்று வருகிறது. எரோணிமுஸ் என்ற வேத அறிஞர் லத்தீனில் மொழிபெயர்த்தபோது விடிவெள்ளிக்கு ‘லூசிபர்’ என்ற சொல்லை வைத்தார். ஒளியைக் கொண்டுவருவது என்று பொருள். சாத்தான் மின்னலைப்போல விழுவதைக் கண்டேன் என்று லூக்காவில் இயேசு சொல்வதையும் இதையும் முன்னோர்கள் சேர்த்துப் படித்தார்கள். அப்படித்தான் அது அவன் பெயராக நிலைத்தது. அதற்கு முன் அந்தச் சொல்லில் எந்தக் கறையும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் சார்டீனியாத் தீவில் லூசிபர் என்ற பெயரிலேயே ஒரு ஆயர் இருந்தார்.

சரி, தூதர்களுக்கு வருவோம். அவர்களைப் பற்றிய ஒரு வசனம் பிசாசின் வாயிலேயே வருகிறது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்கும்போது, தேவாலயத்து உச்சியிலிருந்து குதி, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். 91-ஆம் சங்கீதம். வேதத்தை மேற்கோள் காட்டத் தெரிந்தவன் அவன். வசனம் சொல்கிறவர்கள் எல்லோரும் கடவுளுக்காகப் பேசுகிறவர்கள் என்று நம்பிவிடும் நமக்கு அந்த இடம் ஒரு பெரிய எச்சரிக்கை. இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார். பிசாசு போனபிறகு தூதர்கள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள் என்கிறது மத்தேயு. குதிக்காதவரிடம் அவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.

தூதன் என்றால் செய்தி கொண்டு போகிறவன். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அதே பொருள். ஏசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு செட்டை உண்டு, எசேக்கியேல் கண்ட ஜீவன்களுக்கு நான்கு முகம் உண்டு. ஆனால் ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்கள் வழிப்போக்கர்களைப்போல வந்தார்கள். முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஓவியங்களில் தூதர்களுக்குச் சிறகே கிடையாது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சிறகு வருகிறது. பெயர் சொல்லி அறியப்படுபவர்களும் சிலரே: மிக்கேல், கபிரியேல், கத்தோலிக்கரும் ஆர்த்தோடாக்ஸ் சபையாரும் ஏற்கும் தோபித்து நூலில் ரபேல். மிக்கேல் என்ற பெயரே ஒரு கேள்வி: ‘கடவுளுக்கு நிகர் யார்?’

தூதர்கள் வந்ததும் பல இடங்களில் சொல்வது ‘பயப்படாதே’. யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியாவிடம், மரியாளிடம், மேய்ப்பர்களிடம், வெறுமையான கல்லறைக்கு வந்த பெண்களிடம். வெளிப்படுத்தல் புத்தகத்தில் யோவான் தன் தரிசனத்தின் முடிவில் தூதனின் காலில் விழப் போகிறார். அவனோ, வேண்டாம், நானும் உன்னைப்போல ஊழியக்காரன்தான், தேவனைத் தொழுதுகொள் என்கிறான். எபிரெயர் நிருபம் இன்னும் கீழே, நம் வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது: ‘அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு.’ முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் நின்றால் அவன் தூதனாக இருக்கலாம் என்கிறது வேதம். பிசாசாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தான் நாம் பழகியிருக்கிறோம்.

இனிச் சொல்வது எனக்கு வலிக்கிற பகுதி. வாலிப வயதில் நான் போய்க்கொண்டிருந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் வலிப்பு நோய் உள்ள ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தினார்கள். பிசாசு பிடித்திருக்கிறது என்றார்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்றார்கள். அவளுடைய அம்மா முந்தானையில் மாத்திரை அட்டையை முடிந்து வைத்துக்கொண்டு, கொடுக்கவும் முடியாமல் தூக்கி எறியவும் முடியாமல் நின்றார். நானும் கைதட்டிப் பாடிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முடிச்சு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அன்றைக்கு மத்தேயு 4:24-ஐ நான் சரியாகப் படித்திருக்கவில்லை. இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களை அந்த வசனம் வரிசையாகச் சொல்கிறது. பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர். சந்திரரோகம் என்று அன்றைக்குச் சொன்னது வலிப்பைத்தான். எல்லா நோயையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டாத பக்குவம் சுவிசேஷத்துக்கே இருந்திருக்கிறது. மாற்கு 9-இல் ஒரு பையனுடைய வலிப்பை அசுத்த ஆவி என்றே சொல்லியிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், சொல்லியிருக்கிறது. அங்கேயும் இயேசு அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் விசாரிக்கிறார். ஒரு வைத்தியர் கேட்கும் கேள்வி அது.

கத்தோலிக்கத் திருச்சபை 1614-ல் வெளியிட்ட பேயோட்டும் சடங்குமுறை குருவுக்குத் தரும் முதல் அறிவுரையே, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பதுதான். இன்றும் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு குரு அந்தச் சடங்கைச் செய்யக்கூடாது. அனுமதி இருந்தும் விபரீதம் நடந்ததுண்டு. 1975-76-ல் ஜெர்மனியில், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த 23 வயதுப் பெண் ஒருத்தி, சுமார் பத்து மாதங்களில் 67 முறை அந்தச் சடங்குக்கு உட்படுத்தப்பட்டாள். உணவின்றி மெலிந்து செத்துப்போனாள். பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று 1978-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னும் பின்னால் போனால், சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் 40,000-க்கும் 60,000-க்கும் இடையில் இருப்பார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பிசாசோடு ஒப்பந்தம் செய்தவள் என்று ஒருவர் விரல் நீட்டினால் போதும். 1631-ல் பிரீட்ரிக் ஸ்பே என்ற இயேசு சபைக் குரு தன் பெயரைப் போடாமல் ஒரு நூல் எழுதினார். சித்திரவதை செய்தால் யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று அதில் கேட்டார். பிசாசைப் பிடிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் சகரியா கண்ட காட்சியில் எந்தப் பக்கம் நின்றார்கள்? யோசுவாவின் வலப்பக்கத்தில் நின்றவன் செய்த வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். இயேசுவின் மேலேயே அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. இவன் பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலைக் கொண்டிருக்கிறான் என்று வேதபாரகர் சொன்னார்கள் என்று மாற்கு எழுதுகிறார்.

ஆதித் திருச்சபை சாத்தானைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் முதலில் மேற்கே பார்த்து நின்றார்கள். சூரியன் மறையும் இருட்டுத் திசை. கையை நீட்டி, எதிரில் நிற்பவனிடம் சொல்வதுபோல, ‘சாத்தானே, உன்னை விட்டுவிடுகிறேன்’ என்றார்கள். அப்புறம் கிழக்கே திரும்பி விசுவாச அறிக்கை சொன்னார்கள். திரும்பினால் அவன் இருப்பது முதுகுப் பக்கம். அதற்குமேல் அவனோடு பேச்சு இல்லை.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கல்லறைகளுக்குள் வாழ்ந்த ஒரு மனிதன். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், அறுத்துவிட்டான். இரவும் பகலும் கத்திக்கொண்டு, கல்லால் தன்னையே கீறிக்கொண்டு திரிந்தான். இயேசு அவனிடம் கேட்டது, ‘உன் பேர் என்ன?’ பல காலமாக அவனிடம் யாரும் பெயர் கேட்டிருக்க மாட்டார்கள். லேகியோன் என்று பதில் வருகிறது. சுமார் 5,000 பேர் கொண்ட ரோமப் படைப்பிரிவின் பெயர். அவனைப் பிடித்திருந்த அசுத்த ஆவிகள் அவனை விட்டு, மேய்ந்துகொண்டிருந்த ஏறக்குறைய 2,000 பன்றிகளுக்குள் போகின்றன. அந்தக் கூட்டம் கடலில் பாய்ந்து மாண்டுபோகிறது.

ஊரார் ஓடி வந்து பார்க்கிறார்கள். அவன் உடை உடுத்தி, உட்கார்ந்து, புத்தி தெளிந்து இருக்கிறான். பார்த்ததும் அவர்கள் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவர் படகில் ஏறும்போது அந்த மனிதன், நானும் உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவன் நிலைமையில் யாருக்குத்தான் அந்த ஊரில் இருக்கப் பிடிக்கும்? இயேசு விடவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் சொந்தக்காரர்களிடம் போ, கர்த்தர் உனக்கு இரங்கினதைச் சொல் என்கிறார். படகு கிளம்புகிறது. யாரோ கொடுத்த உடையைப் போட்டுக்கொண்டு அவன் கரையிலிருந்து ஊர்ப்பக்கம் நடக்கிறான், தன்னைக் கட்டிப்போட்டவர்களின் தெருவுக்கு.

நன்றி, வணக்கம்.