ஒரு வருஷம் முழுக்க டை கட்டின மார்க் ஜுக்கர்பெர்க்! டிரஸ் விஷயத்துல நமக்கு யாரும் சொல்லாத பாதிக் கதை

[திரையில்: ஒரே மாதிரி சாம்பல் டி-சர்ட் வரிசையாத் தொங்குற அலமாரி]

மார்க் ஜுக்கர்பெர்க்னு சொன்னதும் கண்ணு முன்னாடி என்ன வருது? சாம்பல் கலர் டி-சர்ட். இல்லன்னா ஹூடி, அதாங்க தலையை மூடுற தொப்பி வச்ச மேல்சட்டை. "ஃபேஸ்புக் முதலாளியே டி-சர்ட்லதான் ஆபீஸ் போறாரு, நான் மட்டும் எதுக்கு இன்டர்வியூவுக்கு இன் பண்ணிட்டுப் போகணும்?" தம்பிங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குற கேள்வி இது.

அதே மனுஷன் 2009-ல வருஷம் முழுக்க டை கட்டிட்டு வேலைக்குப் போனாரு. ஆமா, டை!

வணக்கம் மக்களே. இன்னைக்கு நாம பேசப்போறது டிரஸ். ஃபேஷன் பத்தி இல்ல, வேலை வாங்குறதுக்கும் வேலையில மேல போறதுக்கும் டிரஸ் என்ன பண்ணும்ங்கிறதைப் பத்தி.

[திரையில்: 2009 காலண்டர், மேல ஒரு டை]

2008 கடைசியில அமெரிக்காவுல பொருளாதாரம் சரிஞ்சு கிடக்கு. ஃபேஸ்புக் முதலாளி ஜுக்கர்பெர்க்குக்கு வயசு 24. 'இந்த வருஷம் நமக்கு முக்கியமான வருஷம், விளையாட்டு இல்ல'ன்னு கூட வேலை செய்யறவங்களுக்குப் புரிய வைக்கத்தான் டை கட்டினேன்னு அவரே பின்னால சொல்லியிருக்காரு. அந்த செப்டம்பர்ல ஃபேஸ்புக்குக்கு 30 கோடி பயனர்கள், செலவு போக கையில காசு மிஞ்சுதுன்னும் அறிவிச்சாங்க. டையாலதான் அது நடந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா தினமும் காலையில அந்த டையைப் பாத்தவங்களுக்கு முதலாளி மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கும்.

இப்ப 2012 மே மாசத்துக்கு வாங்க. ஃபேஸ்புக் ஷேர் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஜுக்கர்பெர்க் நியூயார்க்ல பெரிய முதலீட்டாளர்களைப் பாக்கப் போறாரு. எல்லாரும் கோட்டு சூட்டு, இவர் மட்டும் ஹூடி. இது பக்குவமில்லாத வேலைன்னு ஒரு ஆய்வாளர் வெளிப்படையாவே சொன்னாரு, பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. 2018 ஏப்ரல்ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட் அவரைக் கூப்பிட்டு, ஃபேஸ்புக் பயனர்களோட தகவல் திருட்டு பத்திக் கேள்வி கேட்டுச்சு. அன்னைக்கு? டார்க் சூட், கழுத்துல டை, தலையெல்லாம் வாரி, கையெடுத்துக் கும்பிடாத குறைதான்! தன் கை ஓங்கியிருக்கற இடத்துல ஹூடி, பதில் சொல்ல வேண்டிய இடத்துல சூட். எந்த இடத்துக்கு எதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. 2014-ல வெளிவந்தது, ஹார்வர்டு ஆய்வாளர்கள் செஞ்சது. இத்தாலியில மிலான் நகரத்துல விலை உயர்ந்த கடைங்கள்ல வேலை பாக்கறவங்ககிட்ட கேட்டாங்க: ஜிம் டிரஸ்ல ஒரு பொண்ணு வர்றாங்க, ஃபர் கோட்டுல, அதாவது விலங்கு ரோமத்துல செஞ்ச விலை கூடின கோட்டுல, ஒரு பொண்ணு வர்றாங்க, யாரு பெரிய ஆளு? கடைக்காரங்க ஜிம் டிரஸ்காரங்களைச் சொன்னாங்க. 'இவ்வளவு தைரியமா இப்படி உள்ள வர்றாங்கன்னா கையில காசு இருக்கும்'னு கணக்கு. இதே கேள்வியை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்து போறவங்ககிட்ட கேட்டா, அவங்க ஃபர் கோட்டுன்னுட்டாங்க!

புரியுதா? டிரஸ் விதியை மீறுறது எல்லாருக்கும் வேலை செய்யாது. 'இவருக்கு விதி தெரியும், தெரிஞ்சே மீறுறாரு'ன்னு எதிர்ல இருக்கறவர் நம்பணும். முதல் இன்டர்வியூவுக்குப் போற பிள்ளையை யாருக்குத் தெரியும்? வீட்டுல முதல் பட்டதாரியா இருந்தா, இந்த விதின்னு ஒண்ணு இருக்குன்னே சொல்லித்தர ஆளில்ல. எனக்கு வயிறெரியறது இங்கதான். படிப்புல குறையே இல்லாத பிள்ளைங்க, வாய் திறக்கறதுக்கு முன்னாடியே மதிப்பெண்ணை இழக்குறாங்க.

[திரையில்: கண்ணாடி முன்னாடி நிக்கிற பையன், தோள்பட்டைக்கு க்ளோசப்]

என் சித்தி பையன் போன வருஷம் இன்டர்வியூவுக்காக அவங்க மாமா சட்டையை வாங்கிப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். நல்ல பிராண்ட், நல்ல விலை. ஆனா தோள்பட்டைத் தையல் எலும்பைத் தாண்டி ரெண்டு இன்ச் கீழ தொங்குது, கை நீளம் கட்டை விரல் வரைக்கும் வருது. பாக்கறதுக்கு ஸ்கூல் நாடகத்துல அப்பா வேஷம் போட்ட பையன் மாதிரி இருந்தான். அதைக் கழட்டச் சொல்லிட்டு, அவனோட சாதா வெள்ளைச் சட்டையையே தெருமுனை ஆல்டரேஷன் கடையில கொடுத்து இடுப்புல பிடிக்கச் சொன்னோம். அப்புறம் இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட போனோம். "காலர் உள்பக்கம் முதல்ல தேய்ங்கண்ணா"ன்னேன். அப்பதான் முனை சுருளாது. அவ்வளவுதான், பையன் ஆளே மாறிட்டான்.

நீங்களும் பாருங்க. தோள் தையல் எலும்பு முனையில நிக்கணும். காலர் பட்டன் போட்டப்புறம் ஒரு விரல் நுழையணும். டை நுனி பெல்ட் பக்கிளைத் தொடணும். சாக்ஸ் பேன்ட் கலர்ல இருக்கட்டும், ஷூவும் பெல்ட்டும் ஒரே கலர். தங்கச்சிங்களுக்கு: சுடிதாரோ காட்டன் புடவையோ, உங்களுக்குப் பழகினது போதும். துப்பட்டாவை ரெண்டு பக்கமும் பின் பண்ணிடுங்க. ஃபைலை நீட்டும்போது அது சரியுதான்னு கவனம் போனா பதில் தடுமாறும்.

இன்னொரு விஷயம். இன்டர்வியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் அந்த ஆபீஸ் எதிர்ல இருக்கற டீக்கடையில ஒரு டீ சொல்லிட்டு நில்லுங்க. வெளிய வர்றவங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க. அதைவிட ஒரு படி மேல நீங்க போட்டுக்கிட்டா போதும், மூணு படி வேண்டாம். ஏற்கெனவே வேலையில இருந்தா, உங்க டீம் லீடர் க்ளையன்ட் மீட்டிங் அன்னைக்கு எப்படி வர்றாருன்னு பாருங்க.

வேட்டி கட்டலாமான்னு கேப்பீங்க. 2014-ல சென்னையில வேட்டி கட்டிட்டுப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப் உள்ள விடல. அதே வருஷம் சட்டசபையில சட்டமே போட்டாங்க, இனி எந்த கிளப்பும் வேட்டிக்காகத் தடுக்கக்கூடாதுன்னு. 2019-ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவுல வேட்டிக்கு இடம் இருக்கு, டி-சர்ட்டுக்கு இல்ல. அரசு ஆபீசா, தாராளமாக் கட்டுங்க. கரை சுத்தமா, மடிப்பு கலையாம இருக்கணும்.

நம்ம சித்தி பையன் இன்டர்வியூ முடிச்சு வெளிய வந்ததும் போன் பண்ணினான். முதல் வார்த்தையே, "அண்ணா, சட்டையை ஒரு தடவைகூட இழுத்து விடல." கேள்வி என்ன கேட்டாங்கன்னு அப்புறம்தான் சொன்னான்.

உங்க முதல் இன்டர்வியூ சட்டை யாரோடது? சொந்தமா, அண்ணனோடதா, பக்கத்து வீட்டுக்காரரோடதா? கமென்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன். அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கற ஒருத்தருக்கு இந்த வீடியோவை இப்பவே அனுப்பிடுங்க, ஆல்டரேஷனுக்கு ரெண்டு நாளாவது ஆகும்.