டிசம்பர் பூவுக்கு ஒரு கொம்பு போதும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் மே மாதத்து இடிமழை நாலைந்து பெய்து ஓய்ந்திருக்கிறது. தொட்டி மண்ணில் விரலை விட்டால் இரண்டு கணு ஆழத்துக்கு ஈரம் தெரிகிறது. கொம்பு ஊன்ற நல்ல சமயம். அதனால் இன்றைக்கு டிசம்பர் பூச்செடி வைக்கச் சொல்லி உங்களைக் கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.

பெயரைக் கேட்டதுமே உங்களில் பலருக்கு அரையாண்டுப் பரீட்சையும் பனிக்காலையும் ரிப்பன் வைத்துக் கட்டிய இரட்டைச் சடையும் ஞாபகம் வரும். எனக்கு அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றடி ஞாபகம் வருகிறது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வேலி மாதிரி அடர்ந்து நின்ற செடி அது. யாரும் அதற்கென்று தண்ணீர் ஊற்றியதில்லை, துவைத்த தண்ணீர் ஓடி அதன் காலுக்குப் போய்விடும். விடியும் முன்னால் ஆச்சி என்னை எழுப்பிக் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிடுவாள். "பறிக்காத, உருவு" என்பாள். டிசம்பர் பூவைத் தெரிந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். பூ ஒரு பச்சைக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன முள் போல ரம்பப் பல். கூட்டைப் பிடித்துப் பிய்த்தால் கை குத்தும், பின்னால் வர வேண்டிய மொட்டும் போய்விடும். இதழுக்குக் கீழே குழலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் நூல் மாதிரி வெளுத்த குழல், அதன் நுனியில் ஒரு பொட்டுத் தேன். அதை உறிஞ்சிப் பார்க்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. அந்தக் குழல் நீளமாக இருப்பதால்தான் இதைத் தொடுப்பது அவ்வளவு சுலபம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு முடிச்சு. வாசனை கிடையாது, சாயங்காலத்துக்குள் துவண்டும் போகும். ஆனாலும் பனிக்காலக் காலையில் ஈரத்தோடு அந்த ஊதாச் சரத்தைப் பார்த்தால் மல்லிகை கூட ஞாபகம் வராது.

பெங்களூருக்கு வந்து அல்சூரில் குடியேறிய புதிதில், வாசலில் மூன்றடி அகலத்துக்கு மண் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் பூ என்றால் உயிர். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் லால்பாக்கில் மலர்க்காட்சி நடக்கும்போது அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். நானும் வருஷா வருஷம் நவம்பரில் நர்சரிக்குப் போய் பெட்டூனியா, சால்வியா என்று பை பையாக வாங்கி வருவேன். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை ஒரு பருவத்துச் செடிகள். மார்ச் வெயிலில் கருகிவிடும், தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதுதான். வளர்த்த செடியை வருஷம் தவறாமல் குப்பையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

எதிர் வீட்டில் ஒரு கன்னடத்துப் பெரியம்மா இருந்தார். ஒரு ஐப்பசி மாதம் அவர் வீட்டு மதில் ஓரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைப் பார்த்து, ஓடிப்போய் "அம்மா, இது எங்க ஊர் டிசம்பர் பூ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "இது நம்ம ஸ்படிகா ஹூவு" என்றார். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் சொந்தம் கொண்டாடினோம், இரண்டும் சரிதான். மழை வந்ததும் அவர் ஒடித்துக் கொடுத்த நான்கு கொம்பில் மூன்று பிடித்தன. இன்றைக்கு எங்கள் வாசலில் நிற்பது அந்த மூன்றின் வம்சம்.

இந்தச் செடி நம் மண்ணுக்கே உரியது. இந்தியாவில் தொடங்கி பர்மா, தென்சீனம் வரை காட்டோரங்களில் தானாக வளர்வது. ஆங்கிலத்தில் இதற்குப் பிலிப்பைன்ஸ் ஊதாப்பூ என்று ஒரு பெயர், நாமோ ஆங்கில மாதத்தின் பெயரை வைத்துவிட்டோம். கேட்கிறவர்களுக்கு வெளிநாட்டுச் செடி என்றுதான் தோன்றும். 1753-இல் லின்னேயஸ் வைத்த தாவரவியல் பெயர் பார்லேரியா கிரிஸ்டாட்டா. பார்லேரியா என்பது பாரெலியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்தது. கிரிஸ்டாட்டா என்றால் லத்தீனில் கொண்டை உடையது. நம் பெண்கள் கொண்டையில் வைத்துக்கொள்வது லின்னேயஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

இதன் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு, அப்புறம் நீலக்குறிஞ்சி. எல்லாம் ஒரே குடும்பம். 2018-இல் மூணாறிலும், 2022-இல் சிக்கமகளூரு மலைகளிலும் குறிஞ்சி பூத்தபோது எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தோம். மூணாற்றுக் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு முறை பூத்துவிட்டு மடிந்துபோகும். அதன் ஒன்றுவிட்ட தங்கை நம் வாசலில் வருஷம் தவறாமல் பூக்கக் காத்திருக்கிறாள்.

சரி, வைக்கும் விதத்துக்கு வருகிறேன். பென்சில் பருமனில், முற்றியும் முற்றாமலும் இருக்கிற கொம்பு வேண்டும், அரை அடி நீளம் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். செம்மண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய சாணமும் சேர்த்தால் போதும். மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்து, புதுத் துளிர் வந்த பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். தரையில் இடம் இல்லாதவர்கள் ஓர் அடி அகலத் தொட்டியில் வைக்கலாம், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். பால்கனிக்குக் காலை வெயில் நாலு மணி நேரமாவது வரட்டும். நிழலில் செடி சாகாது, இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூ மட்டும் வராது. உரத்தை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்.

பலர் தவறுகிற இடம் கத்தரிப்பது. தை மாதம் பூ ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் நடுவில் கட்டையாகி நுனியில் மட்டும் நாலு பூ நிற்கும். ஆனால் ஆடிக்குப் பிறகு கத்தரியை எடுக்கவே கூடாது. புதுக் கிளைகளில்தான் மொட்டு கட்டும், அப்போது வெட்டினால் அந்த வருஷத்துப் பூவையே வெட்டியதாகிவிடும். நுனியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

கறுப்பாக, முள்முள்ளாக ஒரு புழு இலையைத் தின்பதைப் பார்த்தால் மட்டும் மருந்தைத் தொடாதீர்கள். பழுப்புச் சிறகில் கண் கண்ணாகப் புள்ளி வைத்த எலுமிச்சை வசீகரன் என்ற பட்டாம்பூச்சியின் பிள்ளையாக அது இருக்கலாம். அந்தப் பட்டாம்பூச்சி இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடி வந்து முட்டையிடும். நாலு இலை போனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. பூக்கிற காலத்தில் வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்றும் வரும். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழையும். அதைப் பார்ப்பதற்காகவே காலைக் காப்பியை வாசலுக்கு எடுத்து வந்துவிடுவேன்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். நான் ஊரில் இல்லாத நேரம். திரும்பி வந்து பார்த்தால் செடி இருந்த இடத்தில் பள்ளம். வெட்டிய கிளைகள் மண்மேட்டில் வாடிக் கிடந்தன. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்தக் கிளைகளில் உயிர் இருந்தவற்றைப் பொறுக்கி, வாளித் தண்ணீரில் போட்டு வைத்து ஊன்றினேன். பதினொன்றில் ஏழு துளிர்த்தன. அது போக, வேலை முடிந்து மூடிய மண்ணிலிருந்து, உள்ளே தங்கிவிட்ட தூரிலிருந்தே ஒரு கிளை தானாகத் தலையை நீட்டியது.

இது நர்சரியில் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பூக்கடையில் சரம் கிடைப்பதும் அபூர்வம், ஒரு பொழுது தாங்காத பூவை வியாபாரி ஏன் வாங்கி வைக்கப் போகிறார்? இது கேட்டு வாங்குகிற செடி. மர்பி டவுனிலோ ஸ்ரீராமபுரத்திலோ பழைய வீட்டு மதில் ஓரத்தில் பார்த்தால் கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள்.

இந்த வாரம் நான் ஆறு கொம்பு ஒடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றை எங்கள் மாடி வீட்டுச் சிறுமி வாங்கிப் போய்த் தயிர் டப்பாவில் ஊன்றியிருக்கிறாள். வேர் விட்டதா என்று தினம் பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்குக் காலையில் படியில் இறங்கும்போது டப்பாவைக் காட்டி, "ஆன்ட்டி, தொடவே இல்ல" என்றாள். கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. வணக்கம்.