கொச்சியை ஒரு வட்டம் சுத்த மூணு போட் போதும்

வணக்கம்ங்க. ஊட்டி சேரிங்கிராஸ்ல நின்னு பேசுறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேக்குதுல்ல? சீசன் ஆரம்பிச்சாச்சு. கீழ இருக்கிற எல்லாரும் மேல வர்ற இந்த நேரத்துல, லீவுக்கு நாம கீழ இறங்கி கொச்சி போறது எப்படி, அங்க போட்லயே ஊரை எப்படிச் சுத்திப் பாக்குறதுன்னு முழுசா சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. கொச்சி போனவங்க நிறைய பேர் எர்ணாகுளம் மெரைன் டிரைவ்ல டூர் போட்ல ஏறி, ஒரு மணி நேரம் சுத்திட்டு, ஏறின இடத்துலயே இறங்கி வந்துடறாங்க. தண்ணியைப் பாத்திருப்பாங்க, ஊரைப் பாத்திருக்க மாட்டாங்க. கொச்சின்றது தீவும் கழிமுகமும் சேர்ந்த ஊரு. அந்த ஊர்க்காரங்க வேலைக்குப் போற போட்லயே ஏறி, ஒவ்வொரு கரையிலயும் இறங்கிப் பாத்தாத்தான் எது எங்க இருக்குன்னு பிடிபடும். செலவும் ரொம்பக் கம்மி.

வழி இதுதான். எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டியில, அதாவது போட் ஏறுற துறையில, வாட்டர் மெட்ரோ போட் ஏறி மட்டாஞ்சேரி. அங்கிருந்து நடந்தோ ஆட்டோவுலயோ ஃபோர்ட் கொச்சி. அங்க வண்டியோட ஆளையும் ஏத்துற ஜங்கார் போட்ல ஏறி எதிர்க்கரை வைப்பின். வைப்பின்ல திரும்ப வாட்டர் மெட்ரோ பிடிச்சு ஹைகோர்ட். ஃபோர்ட் கொச்சியிலேர்ந்தே நேரா ஹைகோர்ட்டுக்குத் திரும்பாதீங்க. காரணம் பின்னாடி சொல்றேன்.

கிழமை ரொம்ப முக்கியம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு. யூதர்கள் வழிபடுற பரதேசி சினகாக் வெள்ளி, சனி ரெண்டு நாளும் மூடியிருக்கும், அவங்க பண்டிகை நாள்லயும் திறக்காது. அதனால சுத்துற நாள் ஞாயித்துலேர்ந்து வியாழனுக்குள்ள வர்ற மாதிரி கிளம்புங்க. வெள்ளி ராத்திரி போய் இறங்கி, சனிக்கிழமை பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்புற குடும்பங்க நிறைய.

இங்கிருந்து காலையில கிளம்பினா அன்னைக்கு சாயந்தரம்தான் எர்ணாகுளம். சுத்துறது மறுநாள்னு வச்சுக்கோங்க. ஊட்டி, குன்னூர் பஸ் கோயம்புத்தூர்ல மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டோட நின்னுடும். ரயில்வே ஸ்டேஷனுக்கு அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கணும். சீசன்ல இறங்குற வண்டிகளைக் கோத்தகிரி வழியாத் திருப்பி விடுவாங்க, அதனால ரயிலுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமாவது கையில வச்சுக்கோங்க. கோவையிலேர்ந்து எர்ணாகுளம் பாலக்காடு, திருச்சூர் வழியா நாலு மணி நேரத்துக்குள்ள. கூடலூர், பந்தலூர்க்காரங்க ஊட்டிக்கே ஏற வேண்டாம். நாடுகாணி வழியா நிலம்பூர் இறங்கினா கோட்டயம் போற ரயில் எர்ணாகுளம் டவுன்ல நிக்கும்.

இப்ப போட். வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது. பேட்டரியில ஓடுற போட், கொச்சின் ஷிப்யார்டுல கட்டினது. ஒரு போட்ல நூறு பேர், அதுல பாதிப் பேருக்கு சீட்டு. ஆரம்பிச்சப்ப குறைஞ்ச டிக்கெட் 20 ரூபாய், அதிகபட்சம் 40. உள்ள ஏசி. ஜெட்டி மிதக்குற மேடை, தண்ணி ஏறினா அதுவும் ஏறும், இறங்கினா அதுவும் இறங்கும். போட் தளமும் மேடையும் எப்பவும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கிறதால வீல்சேரைத் தள்ளிட்டே ஏத்தலாம். முட்டி வலி இருக்கிற பெரியவங்களோட போறவங்க இதையே பிடிங்க. மெயின் போட் ஜெட்டியில அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையோட பழைய போட்டும் ஃபோர்ட் கொச்சிக்கு ஓடுது. டிக்கெட் அதைவிடக் கம்மி, காத்தும் நல்லா வரும், சில்லறை மட்டும் கையில இருக்கணும். ஆனா அங்க ஜெட்டி நகராது, வத்துற நேரத்துல போட் கீழ இறங்கிடும். காலை அகலமா எடுத்து வைக்கணும், குழந்தைய முதல்ல கை மாத்திக் கொடுத்துட்டு நீங்க ஏறுங்க.

காலையில ஒன்பது மணிக்குள்ள ஹைகோர்ட் ஜெட்டியில இருங்க. மட்டாஞ்சேரி ஜெட்டியும் வெலிங்டன் தீவு ஜெட்டியும் 2025 அக்டோபர்ல திறந்ததுதான், அதுக்கு முன்னாடி இந்த வட்டம் இவ்வளவு சுலபமா இல்ல. வெலிங்டன் தீவு வரும்போது ஜன்னல் பக்கம் வந்துடுங்க. அது இயற்கையான தீவு இல்ல. 1920-ல வந்த ராபர்ட் பிரிஸ்டோங்கிற இன்ஜினியர், கப்பல் வர்றதுக்காகத் தூர் வாரின மண்ணைக் கொட்டி எழுப்பினது. இந்தத் துறைமுகமே 1341-ல பெரியாத்துல வந்த வெள்ளத்துல முகத்துவாரம் திறந்து உருவானதுன்னு சொல்வாங்க. நமக்கு இன்னொரு ஒட்டு உண்டு. குன்னூர்ல தேயிலை ஏலம் ஆரம்பிச்சது 1963-ல, கொச்சியில 1947-லயே ஆரம்பிச்சாச்சு. நம்ம மலையில பறிச்ச இலை காலங்காலமா கப்பல் ஏறின ஊருங்க இது. தோட்டத்துல வேலை பாத்த குடும்பத்துப் பிள்ளைங்க இந்தத் தீவைக் கண்டிப்பா பாக்கணும்.

கடற்படையோட தென்பிராந்தியத் தலைமையகமும் இங்கதான். ட்ரோனைப் பையை விட்டே எடுக்காதீங்க, போர்க்கப்பல் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க.

மட்டாஞ்சேரியில இறங்கினதும் முதல்ல சினகாக். 1568-ல கட்டினது. பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடுவாங்க, மறுபடி மூணு மணிக்குத்தான். சின்ன இடம், பதினோரு மணிக்கு மேல நெருக்கம். செருப்பைக் கழட்டணும், தோளும் முட்டியும் மறையுற மாதிரி உடுத்திட்டுப் போங்க. கீழ தரையைப் பாருங்க, சீனாவுலேர்ந்து வந்த நீல வெள்ளை ஓடு, கையால வரைஞ்சது. அடுத்து அரண்மனை. டச்சு அரண்மனைன்னு பேரு, ஆனா கட்டினது போர்ச்சுகீசியர், டச்சுக்காரங்க பின்னாடி பழுது பாத்தது. ராமாயண ஓவியம் இருக்கிற அறையில அவசரப்படாதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழகினாத்தான் வண்ணம் தெரியும். மதியம் ஒரு மணிக்குள்ள ரெண்டையும் முடிச்சிடலாம்.

அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி ரெண்டு கிலோமீட்டர் சுமார். பஜார் ரோட்டுல நடந்தா ரெண்டு பக்கமும் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்கு. ஆனா நடுப்பகல்ல நடக்க வேண்டாம்ங்க. மலையில பழகின உடம்புக்கு அங்க வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. வேர்வை காயவே காயாது, தாகம் தெரியாமலேயே தலைசுத்தல் வரும். ஆட்டோ பிடிங்க, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடிங்க, மூணரை வரைக்கும் நிழல்ல இருங்க. செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச் அந்த நேரத்துக்குச் சரி. 1524-ல இறந்த வாஸ்கோட காமாவை முதல்ல புதைச்ச இடம் அதுதான். உடல் பின்னாடி போர்ச்சுகலுக்குப் போயிடுச்சு, கல் மட்டும் இருக்கு. நேரம் இருந்தா டோபி கானாவையும் பாருங்க. டச்சுக்காரங்க காலத்துல தமிழ்நாட்டுப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்த வண்ணார் குடும்பங்களோட வழிவந்தவங்க இன்னும் கல்லுல துவைக்கிறாங்க. நம்ம தமிழ்லயே பேசலாம்.

நாலு மணிக்கு மேல, கரையில நின்னே மீன் பிடிக்கிற சீன வலை. ஒரு முனையில வலை, மறுமுனையில கயித்துல கட்டித் தொங்குற கல்லுங்க. கல்லோட பாரம்தான் வலையைத் தூக்க உதவுது, அதனால நாலஞ்சு பேர் சேர்ந்தா அவ்வளவு பெரிய மரச் சட்டம் மேல வந்துடும். சட்டத்து மேல ஏறச் சொல்லி இழுக்க விடுவாங்க, அதுக்குக் காசு எதிர்பார்ப்பாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே எவ்வளவுன்னு பேசிடுங்க.

இப்பத்தான் அந்தக் காரணம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல, அதுவும் ஞாயித்துக்கிழமையில, ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ ஜெட்டியில வரிசை ரோட்டுக்கு வந்துடும். நூறு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, நிறைஞ்சா அடுத்த போட்தான். அந்த வரிசையில நிக்காதீங்க. ஜங்கார் எங்கன்னு கேளுங்க, இப்ப இருக்கிற போட் 2018-லேர்ந்து ஓடுது. ஆளுக்கு டிக்கெட் சில ரூபாய்தான், அஞ்சு நிமிஷத்துல வைப்பின் கரை. முகத்துவாரத்துக்குக் குறுக்க போறதால இழுப்பு அதிகம், மழைக்காலத்துல இன்னும் அதிகம், அதனால கொஞ்சம் வளைஞ்சுதான் போகும். பெரிய கப்பல் உள்ள வந்தா அதுக்கு வழி விட்டு நிக்கும். போட் ஒண்ணு பழுதாப் போற நாள்ல காருங்க நீளமா நிக்கும், நடந்து ஏறுற உங்களுக்கு அது பிரச்சினை இல்ல.

வைப்பின்ல இறங்கினா வாட்டர் மெட்ரோ ஜெட்டி பக்கத்துலயே. அங்க கூட்டம் கம்மி. போட்டோ எடுக்கறவங்களுக்கும் இந்த வழி தோது. காலையில மேற்கே போறப்ப வெயில் முதுகுக்குப் பின்னாடி, சாயந்தரம் கிழக்கே திரும்புறப்பவும் அப்படியே, எர்ணாகுளம் கட்டடங்க மேல வெளிச்சம் விழும்.

மாசம் பாத்தா டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்லது. ஜூன், ஜூலையில மழை, போட் நேரம் தள்ளிப் போகலாம். மழைக்குப் பின்னாடி சில மாசம் ஆகாயத்தாமரை அடைச்சுக்கும், போட்டைத் தள்ளுற விசிறியில சுத்திக்கிட்டா போட் நின்னுடும். அந்த மாசங்கள்ல ரயில் பிடிக்கிற அன்னைக்குக் கடைசி நேரத்துல போட்ல ஏறாதீங்க.

திரும்பி வர்றப்ப வேர்வைத் துணியோட மலை ஏறாதீங்க. கோயம்புத்தூர் ஸ்டேஷன்லயே மாத்திக்கோங்க, ஸ்வெட்டர் பையில மேல இருக்கட்டும், பர்லியார் தாண்டினா தேவைப்படும்.