57 வயசுல இட்லி மாவு யாவாரம் ஆரம்பிச்சேன், என்ற கூலிய எழுத மட்டும் ஒன்றரை மாசம் ஆச்சுங்க

வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா, சாப்டாச்சுங்களா. பின்னாடி கடகடன்னு சத்தம் கேக்கும், அது கிரைண்டருங்க, நிறுத்த முடியாது, இப்பத்தான் ஒரு கிலோ உளுந்து போட்டேன், பொங்கி வர எப்படியும் 35 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள சொல்ல வேண்டியத சொல்லி முடிச்சரோணும். நடுவுல நடுவுல எந்திரிச்சு தண்ணி தெளிக்க போவேன், கோவிச்சுக்காதீங்க.

புதுசா பாக்கறவங்களுக்கு சொல்லிடறேன். எனக்கு இப்ப 58 வயசு, ஆரம்பிச்சது 57ல. ஊரு கோயமுத்தூர், சிங்காநல்லூர் பக்கம். என்ற வீட்டுக்காரரு மில்லுல 29 வருஷம் வேல பாத்தவரு, மில்ல மூடுனதுக்கப்பறம் செக்யூரிட்டி வேலைக்கு போனாரு, ராத்திரி பூரா நின்னு நின்னு முட்டி போயிருச்சு, இப்ப வீட்லதான் இருக்காரு. பிஎஃப் பென்ஷன் வருதுங்க. குறைஞ்சபட்ச பென்ஷன் 1,000 ரூபான்னு 2014ல வெச்சாங்க, அப்பறம் பல வருஷமா அதே 1,000தான். எங்களுக்கு வர்றது 1,840. ரெண்டு பேரு பிரஷர் மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போனா மிச்சம் என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. மகன் அனுப்பறான், நல்ல பையன்தான், ஆனா அவனுக்கும் வீட்டு லோன் ஓடுது, ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி போன் பண்ணி "அம்மா இந்த மாசம் கொஞ்சம் கம்மியா போடறேன்"னு அவன் இழுத்து இழுத்து சொல்றப்ப எனக்கு நெஞ்சு அடைக்கும். சரி, நாம ஏதாச்சும் செய்யோணும்னு அப்பத்தான் முடிவு பண்ணேன்.

எனக்கு தெரிஞ்சது மாவுங்க. 34 வருஷமா அரைக்கறேன். எங்க வீதில யாரு வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் "அக்கா ஒரு கிண்ணம் மாவு இருக்குமா"ன்னு இங்கதான் வருவாங்க, நானும் கொடுத்துருவேன். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குது, சிறுவாணி தண்ணி குழாயில வருது, இதவிட்டு வேற எதுக்கு போறதுங்க.

முதல்ல பணத்த பத்தி சொல்லிடறேன், அதத்தான் நெறைய பேரு கேக்கறீங்க. நான் ஒரு பேங்குக்கு போனேன். அங்க இருந்த சாரு என்ற ஆதார வாங்கி பிறந்த வருஷத்த பாத்துட்டு "உங்க பையன் பேர்ல அப்ளை பண்ணுங்கம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்"ன்னாரு. அவரு மரியாதையாத்தான் சொன்னாரு. ஆனா பஸ்ல வர்றப்ப பூரா எனக்கு அழுகையா வந்துச்சு. அரைக்கப்போறது என்ற கையி, பேரு மட்டும் அவன் பேரா?

அப்பறம் மாவட்ட தொழில் மையத்துக்கு போனேன், எல்லா மாவட்டத்துலயும் இருக்குதுங்க, நேரா போய் கேக்கலாம். அங்க தெரிஞ்சது என்னன்னா மாநில அரசோட சில திட்டத்துல பொம்பளைங்களுக்கு 55 வயசு வரைக்கும்தான், எனக்கு தாண்டிருச்சு. ஆனா பிஎம்இஜிபின்னு, புதுசா தொழில் தொடங்க மானியத்தோட கடன் தர்ற மத்திய அரசு திட்டம் இருக்குது பாருங்க, அதுல 18 வயசு ஆகியிருக்கோணும், அவ்வளவுதான், மேல வயசு வரம்பே கிடையாது. பொம்பளைங்க கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், மானியம் டவுன்ல 25 சதவீதம், கிராமத்துல 35 சதவீதம். உற்பத்தி தொழில்ல 10 லட்சத்துக்கு மேல போனா மட்டும் எட்டாவது பாஸ் பண்ணியிருக்கோணும். புதுசா ஆரம்பிக்கற தொழிலுக்குத்தான் தருவாங்க, அதனால ஆரம்பிச்சுட்டு அப்பறம் போய் கேக்காதீங்க, முன்னாடியே போங்க. 55 தாண்டுன எத்தனையோ பேரு நமக்கெல்லாம் தரமாட்டாங்கன்னு நினைச்சு அந்த வாசப்படியே ஏறாம இருக்கீங்க, அதுக்காகத்தான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

நான் அத எடுக்கலீங்க. எனக்கு வேண்டியது 40,000க்குள்ளதான் இருந்துச்சு. 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், பழைய பிரிட்ஜ் ஒண்ணு, பாக்கெட் ஒட்டற மிஷினு, எடை போடற தராசு. எங்க மகளிர் குழுவுல 25,000 கடன் எடுத்தேன், மீதி என்ற சிறுவாட்டு காசு. டில்டிங் ஏன்னா, சின்ன கிரைண்டர்ல கல்ல தூக்கி வெளிய வெச்சு மாவ வழிக்கோணும், ஒரு நாளைக்கு நாலு ஈடு அப்படி தூக்குனா நம்ம வயசுக்கு மணிக்கட்டு ஒரு மாசம் தாங்காது. இதுல அப்படியே சாச்சா மாவு பாத்திரத்துல விழுந்துரும். நம்ம வயசுல தொழில் ஆரம்பிக்கறவங்க இந்த உடம்பால தினமும் எத செய்ய முடியும்னு முதல்ல பாருங்க, லாபத்த அப்பறம் பாத்துக்கலாம்.

இருங்க, தண்ணி தெளிச்சுட்டு வந்தர்றேன்.

ம், வந்துட்டேன். இது ஐஸ் தண்ணிங்க. கல்லு சூடாச்சுன்னா மாவும் சூடாகும், அப்பறம் நாம சொல்ற நேரத்துக்கு முன்னாடியே புளிச்சுரும். இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். போன ஏப்ரல் மாசம், நல்ல வெயிலு, 24 பாக்கெட் போட்டேன், ஒரு கிலோ கவர்ல ஒரு கிலோவையும் முட்ட முட்ட ஊத்தி ஒட்டிட்டேன். மாவு புளிக்கறப்ப உள்ள வாயு உண்டாகும், அதனாலதான் இட்லியே பஞ்சு மாதிரி வருது, அந்த வாயு வெளிய போக வழியே இல்ல. சாயங்காலம் பாத்தா ஒவ்வொரு பாக்கெட்டும் தலகாணி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. எதிர்வீட்டு டீச்சரம்மா வீட்ல பிரிட்ஜுக்குள்ளயே வெடிச்சு காய்கறி, பால் பாக்கெட்டு எல்லாத்து மேலயும் மாவு. நான் போய் ஒரு மணி நேரம் தொடச்சு குடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு எல்லாருக்கும் காச திருப்பி குடுத்தேன். இப்ப பெரிய கவரு வாங்கி முக்கால்வாசிதான் ஊத்தறேன், மேல ஊசியால சின்னதா ஒரு ஓட்டை, அரைச்ச உடனே பிரிட்ஜுக்குள்ள போயிரும், வாங்கறவங்க வெளிய எடுத்து வெச்சு புளிக்க வெச்சுக்கோணும். வெயில்காலத்துல அஞ்சு மணி நேரம் போதும், மார்கழியில பத்து மணி நேரத்துக்கு மேல ஆகும், அதையும் பாக்கெட் மேலயே எழுதிட்டேன்.

பாக்கெட்னு சொன்னதும் லைசென்ஸ் சொல்லிடறேன். வீட்ல செஞ்சு வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையத்துல பதிவு வேணுமுங்க. நான் எடுத்தப்ப வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா சாதாரண பதிவு, வருஷத்துக்கு 100 ரூபா, அவ்வளவுதான். ஆன்லைன்லயே போடலாம், என்ற மருமகதான் போட்டு குடுத்தா. 14 இலக்கத்துல ஒரு நம்பர் வரும், அத பாக்கெட்ல போடோணும், கூடவே என்னென்ன போட்டிருக்குது, எவ்வளவு எடை, எந்த தேதில செஞ்சது, எதுவரைக்கும் வெச்சுக்கலாம், விலை, விலாசம், சைவம்னு காட்டற பச்சை புள்ளி எல்லாம். தேதி சீல் குத்தறது என்ற வீட்டுக்காரரு வேலைங்க. முதல்ல "வீதில மாவு விக்கறாளா உன்ற பொண்டாட்டின்னு கேப்பாங்க"ன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தாரு. இப்ப சீலு ஒரு பக்கம் சாஞ்சிருந்தாக்கூட அழிச்சுட்டு திருப்பி குத்தறாரு, மில்லுல குவாலிட்டி பாத்த கையல்லவா. சின்ன தொழில்களுக்கு மத்திய அரசு தர்ற உத்யம் பதிவும் பண்ணியிருக்கேன், அதுக்கு காசே இல்ல, ஆதாரும் பான் கார்டும் வேணும், யாராச்சும் ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா குடுத்தராதீங்க.

சரி, இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

ஆரம்பத்துல கிலோ 35 ரூபான்னு விலை வெச்சேன். கணக்கு என்னன்னா, ஒரு நாளைக்கு 8 கிலோ இட்லி அரிசி, 45 ரூபா வீதம் 360. 2 கிலோ உளுந்து, ரங்கே கவுடர் வீதில மொத்தமா எடுத்தா 130, அது 260. வெந்தயம், உப்பு 15. கவரு 48, கரண்ட்டு ஒரு 30. மொத்தம் 713. மாவு 24 கிலோ வரும். அப்ப கிலோவுக்கு 30 ரூபா செலவு, 35க்கு விக்கறேன், அஞ்சு ரூபா லாபம், நாளைக்கு 120 ரூபான்னு சந்தோஷமா நோட்ல எழுதிட்டு இருந்தேன். ஒன்றரை மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழம மருமக வந்தவ நோட்ட பொரட்டி பாத்துட்டு "அத்தை, எல்லாம் எழுதியிருக்கீங்க, உங்க கூலி எங்க?"ன்னா.

எனக்கு புரியவே இல்லைங்க. என்ற கூலியா? வீட்ல இருக்கறவ அரைக்கறதுக்கு என்ன கூலின்னேன். அவ ஒண்ணும் சொல்லல, பேனா எடுத்து எழுதுனா. ஊற வெக்கறது, கழுவறது, அரைக்கறது, பாக்கெட் போடறது, கிரைண்டர் கழுவறது, மொத்தம் ஆறு மணி நேரம். 120 ரூபாய ஆறால வகுத்தா மணிக்கு 20 ரூபா. நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல 2025-26ல 336 ரூபா கூலி நிர்ணயம் பண்ணியிருக்காங்க, மண்ணு வெட்டற வேலைக்கு அரசாங்கமே இவ்வளவுன்னு சொல்லுது, நீங்க உங்கள 120க்கு வெச்சிருக்கீங்கன்னா. நான் எந்திரிச்சு சமையக்கட்டுக்கு போயிட்டேன். அவ மேல கோவம் இல்லைங்க. 34 வருஷம் அரைச்சேன், ஒரு நாள்கூட அதுக்கு ஒரு விலை இருக்கும்னு என்ற மனசுக்கே தோணல பாருங்க, அதுதான் என்னமோ பண்ணுச்சு.

பெரிய ஆளுங்க கதையெல்லாம் இப்ப நெறைய சொல்றாங்க. அழகு சாமான் விக்கற நைக்கா கம்பெனிய ஆரம்பிச்ச ஃபல்குனி நாயர் 50 வயச நெருங்கறப்ப 2012ல ஆரம்பிச்சாங்க, கேக்க பெருமையாத்தான் இருக்குது, ஆனா அவங்க அதுக்கு முன்னாடி பேங்கிங்ல பெரிய பதவில இருந்தவங்க, தன்னோட வேலைக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுதான் வந்தாங்க. எனக்கு மனசுக்கு நெருக்கமா இருக்கறது லிஜ்ஜத் அப்பளம். 1959ல பம்பாயில ஏழு பொம்பளைங்க 80 ரூபா கடன் வாங்கி மொட்டமாடில ஆரம்பிச்சாங்க. அங்க அப்பளம் இடறவங்களுக்கு, இட்ட எடைக்கு தகுந்த மாதிரி கூலி, அன்னன்னிக்கே கையில. வீட்ல உக்காந்து செய்யற வேலதானேன்னு அங்க யாரும் கூலிய விடல பாருங்க. சமையல் தெரிஞ்ச நமக்கு இந்த ஒண்ணுதான் தெரியாம போச்சு.

அடுத்த நாள் விலைய 45 ஆக்கிட்டேன். சொல்றப்ப நாக்கு ஒட்டிக்கிச்சுங்க, அத்தன வருஷம் கிண்ணம் கிண்ணமா சும்மா குடுத்தவங்க கிட்டயே பத்து ரூபா சேத்தி கேக்கோணும். மூணு பேரு வாங்கறத நிறுத்திட்டாங்க. ஒருத்தரு "பழகுன வீட்டுக்கே இப்படியா"ன்னு கேட்டாங்க, அது ராத்திரி பூரா குத்திக்கிட்டே இருந்துச்சு. ஆனா பத்து நாள்ல பின்வீதி அப்பார்ட்மெண்ட்ல இருந்து அஞ்சு வீடு புதுசா வந்துச்சு, வேலைக்கு போற பொண்ணுங்க, "சோடா போடாம அரைக்கறீங்களாம்ல"ன்னு கேட்டு வந்தாங்க. இப்ப 24 கிலோவுக்கு நாளைக்கு 360 ரூபா கிட்ட நிக்குது. 336 என்ற கூலி, மீதி தொழிலோட லாபம். கூலி என்ற பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு போகுது, லாபம் தனி டப்பாவுல, கிரைண்டர் பெல்ட்டு போச்சுன்னா அதுல இருந்துதான் எடுப்பேன்.

போன வாரம் பக்கத்து வீதி அம்மிணி ஒருத்தங்க வந்தாங்க, 61 வயசு, முறுக்கு சுத்தி விக்கோணும்னு ஆசை. நோட்டு கொண்டு வந்திருந்தாங்க, அரிசி மாவு, எண்ணெ, எள்ளு, ஓமம் எல்லாம் அழகா எழுதியிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல முதல் வரியில கூலின்னு எழுதுங்கக்கான்னேன். எழுதுனாங்க. "எவ்வளவுன்னு போடட்டும்"னு கேட்டாங்க. நீங்களே போடுங்கன்னேன். பேனாவ வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, அப்பறம் 100ன்னு எழுதி, அடிச்சுட்டு, 150ன்னு எழுதி, என்ற மூஞ்சிய பாத்தாங்க. நாளைக்கு திருப்பி வர்றாங்க, தராசு வெச்சு ஒரு ஈடு சுத்தி எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ரெண்டு பேருமா பாக்கப்போறோம். அவங்க சரின்னு சொன்னா அதையும் வீடியோ எடுத்து போடறேன்.

இருங்க, சத்தம் மாறிருச்சு, உளுந்து வந்துருச்சுன்னு நினைக்கறேன். இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வர்றேன், இந்த கிண்ணத்துல பச்சத்தண்ணி வெச்சிருக்கேன், ஒரு துளி மாவ கிள்ளி போடறேன்... மிதக்குது பாத்தீங்களா, முங்கல. சரியா இருக்குது. வழிச்சுட்டு அரிசிய போடோணும், வெக்கறேனுங்க, வரட்டுங்களா.