பாத்துட்டேங்க, பாத்துட்டேன்!

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டு மனதில் நிற்பது அதன் தரத்தாலா, அதைக் கேட்ட இடத்தாலா? எங்கள் அணி, கேட்ட இடத்தால்.

எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். "இடம்தான் காரணம் என்றால் இளையராஜாவுக்கு எதற்கு விருது, டீக்கடை பெஞ்சுக்குக் கொடுத்துவிடலாமே" என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஐயா, சகலகலா வல்லவன் வந்தது 1982இல். அந்த 'இளமை இதோ இதோ' டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊரையே ஆட வைக்கிறது. அதையே ஜூலை மாதம் போட்டால் ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை. தரம் ஜூலையில் லீவு போட்டுவிடுகிறதா? சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' கேட்டால் பக்தி வரவேண்டும். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தலைமுறைக்கு, ஐயையோ டிக்கெட் கொடுக்க ஆரம்பிச்சாச்சு என்று காலில் ஓட்டம்தான் வரும்.

அட, இதெல்லாம் எதற்கு, எங்க மாமா கதைக்கு வருகிறேன். அன்னக்கிளி 1976இல் வந்தது, அதற்கு மறுவருடம் மாமா பெண் பார்க்கப் போனார். பக்கத்து வீட்டில் காதுகுத்து. வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர், அதன் வாய் நேராகப் பெண் வீட்டுத் திண்ணையைப் பார்த்து. ஜானகியம்மா 'மச்சானப் பாத்தீங்களா' பாடிக்கொண்டிருக்கிறார். அத்தை காபித் தட்டோடு வந்து நிற்கவும் ரெக்கார்டில் முள் மாட்டவும் சரியாக இருந்தது. "பாத்தீங்களா... பாத்தீங்களா... பாத்தீங்களா..." ரேடியோ செட்டுக்காரர் அப்போதுதான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், இலையை விட்டு எழுவாரா? மாமா தலையைக் குனிகிறார், "பாத்தீங்களா". வேர்வையைத் துடைக்கிறார், "பாத்தீங்களா". பெண்ணோட அப்பா தொண்டையைக் கனைக்கிறார், அதற்கும் "பாத்தீங்களா". மனுஷன் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார்: "பாத்துட்டேங்க, பாத்துட்டேன்! பிடிச்சிருக்கு, முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க!"

பின்வரிசையில் ஒருவர் இன்னும் சிரிக்கவில்லை, அவருக்காக மறுபடியும். ஸ்பீக்கர் கேட்கிறது, "பாத்தீங்களா". மாப்பிள்ளை சொல்கிறார், "பாத்துட்டேன்". தரகர் கமிஷனை அந்த ரேடியோ செட்டுக்காரருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

மாமா இப்போது இல்லை. போன பொங்கலுக்கு, அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மகன் அந்தப் பாட்டை செல்போனில் தேடிப் போட்டான். கீறல் கிடையாது, கரகரப்பு கிடையாது, எதிரணி கேட்கும் தரம் அத்தனையும் அதில் இருந்தது. அத்தை முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நிக்காம ஓடுதே. அந்த இடத்துல உங்கப்பா கத்துவாரே, அது எங்கடா?" என்றார்.

நண்பரே, அந்த அம்மாவிடம் போய் மெட்டு, தாளம், இசைக்கோர்ப்பு என்று நீங்கள் வாதாடுங்கள், என்னால் முடியாது. தாளில் இன்னும் மூன்று பாயிண்ட் எழுதி வைத்திருக்கிறேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், கிடக்கட்டும். டவுன் பஸ்ஸில் ஏதோ ஒரு பாட்டு வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். நீங்கள் மட்டும் எங்கள் அணிக்குக் கைதட்டுங்கள், போதும். வணக்கம்.