அம்மா கட்டிக்கொடுத்த சோறே காவலுக்கு நிற்கிறது! மீன் முட்டைக்குள் நடக்கும் யுத்தம்

(திரையில்: கண்ணாடி போன்ற ஒரு முட்டை. உள்ளே ஒரு குட்டி வால் துடிக்கிறது.)

கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் முட்டை. சுற்றியிருக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரிலும் பாக்டீரியா. காவலுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கண்ணில் பட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள்! அப்படியும் இது பிழைத்துக்கொள்கிறது. எப்படி?

இது ஜீப்ரா மீன். கங்கைச் சமவெளி ஓடைகளிலும் வயல்களிலும் திரிகிற மீன். 2, 3 நாளில் பொரிந்துவிடும். ஆனால் தானாக ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துக் கட்டிப்போடும் புரதம்) செய்து சண்டைபோடும் அளவுக்குத் தேற 4 முதல் 6 வாரம் ஆகும். கிருமியைத் தேடி ரோந்து சுற்றும் செல்கள்கூட முட்டைக்குள் முதல் நாள் முடியும்போதுதான் தலைகாட்டும். அதுவரைக்கும் அம்மா கொடுத்தனுப்பியதுதான் எல்லாம்.

என்ன கொடுத்தனுப்புகிறாள்? லைசோசைம், ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் புரதங்கள். சரி, இவையெல்லாம் நோயோடு சண்டைபோடுவதற்கென்றே இருப்பவை. எனக்குத் தூக்கம் போனது இன்னொன்றால்: மஞ்சள் கரு.

(திரையில்: கட்டுச்சோற்று மூட்டை.)

ஊருக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அம்மா புளிசோறு கட்டித் தருகிறாள். வழியில் திருடன் வருகிறான். மூட்டைக்குள் இருந்த சோறே எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது!

தாய் மீனின் கல்லீரல் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைச் செய்து, ரத்தம் வழியாகச் சினைக்கு அனுப்புகிறது. அங்கே அது துண்டாகிக் கருவுக்கு உணவாகிறது. அதில் ஒரு துண்டுக்குப் பெயர் பாஸ்விட்டின். நீங்கள் சாப்பிடும் கோழி முட்டையிலும் இது இருக்கிறது. மஞ்சள் கருவிலுள்ள இரும்பின் பெரும்பகுதியை இறுக்கிப் பிடித்துவைத்திருப்பது இதுதான். முட்டையில் இரும்பு இருந்தும் உடம்பில் லேசில் சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெறும் சாப்பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். சீனாவின் சிங்தாவ் நகரத்து ஆய்வாளர்கள் 2011-இல் அதைப் புரட்டிப்போட்டார்கள். பாஸ்விட்டின் பாக்டீரியாவின் மேற்தோலிலுள்ள பொருள்களை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதைக் கொல்லவும் செய்கிறது. உளவாளியும் அதுவே, சிப்பாயும் அதுவே.

சோதனை எவ்வளவு அழகு பாருங்கள். மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் கருவுக்குள் கூடுதலாகப் பாஸ்விட்டினைச் செலுத்தினார்கள். பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். வளர்ப்புக் குளங்களில் மீன்களைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கிற அதே கிருமி. கருக்கள் கூடுதலாகப் பிழைத்தன. சரி, பாஸ்விட்டினைப் பிடித்துக் கட்டிப்போடும் ஆன்டிபாடியைச் செலுத்தினால்? சாவு எகிறியது. கூட்டினால் பிழைக்கிறது, முடக்கினால் சாகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு புரதம் சாட்சி சொல்ல முடியுமா?

 

இன்னொரு சேதி. தாய் மீனுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டால், அவள் முட்டைக்குள் வைக்கும் பாதுகாப்பும் கூடுகிறது. குஞ்சு பொரிப்பகங்களுக்கு இது பெரிய விஷயம். வாய்கூடத் திறக்காத குஞ்சுக்கு வேறெப்படி மருந்து கொடுப்பது?

சென்னை கொளத்தூர் பக்கம் வண்ண மீன் குஞ்சு எடுக்கிறவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? செத்து வெள்ளையாகிப்போன முட்டைகளை டிராப்பரால் பொறுக்கி எடுப்பீர்களே, நல்ல தீனி போட்ட தாயின் முட்டையில் அது குறைகிறதா? கமெண்ட்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.