ஜாவாவில் பேக்கேஜ் பிரிப்பது

நேயர்களுக்கு வணக்கம். ஜாவா நிரலின் அடிப்படைத் துண்டுகளான கிளாஸ்களைப் பேக்கேஜ்கள் எனும் தொகுப்புகளாகப் பிரிப்பது பற்றிச் சில செய்திகள்.

கோப்பில் பேக்கேஜ் வரிதான் முதலில் வர வேண்டும். கமெண்ட் மட்டும் அதற்கு முன்னால் இருக்கலாம். 'காம் புள்ளி நிறுவனம் புள்ளி பில்' என்று பெயர் வைத்தால் காம், அதற்குள் நிறுவனம், அதற்குள் பில் என்று ஃபோல்டர்களும் அதே வரிசையில் அமைய வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது நிரலை ஓட்டும்போது. பில் ஃபோல்டருக்குள் நின்றபடி கிளாஸின் சின்னப் பெயரை மட்டும் கொடுத்தால் 'ராங் நேம்' என்று பிழை வரும். காம் ஃபோல்டருக்கு வெளியே வந்து, முழுப் பெயரையும் கொடுங்கள், ஓடும்.

வேறு பேக்கேஜின் கிளாஸ்களைப் பயன்படுத்த எழுதும் இம்போர்ட் வரியில் நட்சத்திரக் குறி போட்டால் உள்ளே இருக்கும் எல்லாமே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஜாவாவுடனே வரும் 'ஜாவா புள்ளி யூட்டில்' பேக்கேஜை அப்படிக் கொண்டுவந்தாலும் அதன்கீழ் உள்ள கன்கரன்ட் பேக்கேஜ் வராது. பெயரில்தான் உறவு, ஜாவாவுக்கு அவை இரண்டும் அந்நியர்கள்.

இனி முக்கியமான கேள்வி: எதை வைத்துப் பிரிப்பது? கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலர் எல்லாம் ஒரு பேக்கேஜ், வேலையைச் செய்யும் சர்வீஸ் எல்லாம் ஒரு பேக்கேஜ் என்று அடுக்குவதே பழக்கமாகிவிட்டது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று கூப்பிட வேண்டுமே, அதனால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும், எங்கிருந்தும் பயன்படுத்தலாம் எனும் 'பப்ளிக்' போட்டாக வேண்டும். பிறகு யார் எதைத் தொடுகிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆர்டர், பில், கையிருப்பு என வேலையை வைத்துப் பிரித்துப் பாருங்கள். வரி கணக்கிடும் கிளாஸுக்கு 'பப்ளிக்' போடாமல் விட்டால் பில் பேக்கேஜுக்கு வெளியே அது தெரியாது. நாளைக்கு அதைத் தாராளமாக மாற்றி எழுதலாம். அதைச் சோதிக்கும் கோப்பை வேறு ஃபோல்டரில் வைத்தாலும் பேக்கேஜ் பெயர் ஒன்றாக இருந்தால் போதும், அந்தக் கிளாஸ் அதற்குத் தெரியும்.

ஆர்டர் பில்லைக் கூப்பிட, பில் திரும்ப ஆர்டரைக் கூப்பிட்டால் நிரலை மொழிமாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. 2017-இல் ஜாவா 9 கொண்டுவந்த, பேக்கேஜ்களைச் சேர்த்துக் கட்டும் மாட்யூல்களாக இரண்டையும் பிரிக்கப் போகும்போதுதான், இந்தச் சுழற்சி கூடாது என்று தடுக்கும். பில்லுக்கு ஆர்டரிடமிருந்து தேவைப்படுவது தொகையும் பொருள் பட்டியலும்தானே? அவற்றைக் கேட்கும் இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லும் அறிவிப்பைப் பில் பேக்கேஜுக்குள்ளேயே வையுங்கள். ஆர்டர் கிளாஸ் அதை இம்ப்ளிமென்ட் செய்யட்டும், அதாவது கேட்டதைத் தரும் நிரலை எழுதட்டும். அதன்பின் ஆர்டர் பேக்கேஜ் மட்டுமே பில்லை இம்போர்ட் செய்யும். பில் கோப்புகளில் ஆர்டரின் பெயரே இருக்காது.